இடுப்பு வலியா, நரம்பு வலியா? டாக்டர் கண்டறிவது எப்படி?

மும்பை வாழ்க்கையில் இடுப்பு வலி எட்டிப் பார்க்காத வீடு உண்டா? டோம்பிவ்லியில் ஏறி தாதர் வரை நெரிசலில் நின்றபடியே பயணம் செய்பவர், தண்ணீர் வரும் அரை மணி நேரத்துக்குள் வாளி வாளியாகத் தூக்கி நிரப்பும் இல்லத்தரசி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறி இறங்கும் பெரியவர், நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்று எல்லோருக்கும் இது பொதுச் சொத்து. இவற்றில் பெரும்பாலானவை தசைப்பிடிப்பு, சுளுக்கு வகையைச் சேர்ந்தவை. சில நாட்களிலோ சில வாரங்களிலோ தாமாகவே அடங்கிவிடும்.

ஆனால் ஒரு சிலருக்கு வலி இடுப்போடு நிற்பதில்லை. புட்டத்தில் தொடங்கி, தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டிப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் போகும். அங்கேதான் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. இதற்குப் பதில் காண ஒரு மருத்துவருக்கு முதலில் வேண்டியது பெரிய இயந்திரம் அல்ல. ஒரு கட்டில், கொஞ்சம் பஞ்சு, ஒரு குண்டூசி, ஒரு சிறிய ரப்பர் சுத்தியல், கால் மணி நேரப் பொறுமை, அவ்வளவே. அந்தப் பரிசோதனைகளில் அவர் எதைத் தேடுகிறார் என்பது நோயாளிக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். சில சமயம் ஒரு காலையே காப்பாற்றலாம்.

எல்லாமே நரம்புதானா?

நம் தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. கையில் புடைத்துத் தெரியும் ரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். குதிகாலுக்கு மேல் கயிறு போலிருக்கும் தசைநாரையும் நரம்பு என்கிறோம். மூளையிலிருந்து செய்தி கொண்டு போகும் உண்மையான நரம்புக்கும் அதே பெயர். இந்திக்காரர்கள் 'நஸ்' என்று சொல்வதும் இப்படித்தான். ஆகவே 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்று நாம் சொன்னால் டாக்டருக்கு அதிலிருந்து எதுவும் தெளிவாகாது.

டாக்டர் தேடுவது மூன்றாவது வகை நரம்பை. நம் இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. இவற்றை மேலிருந்து கீழாக எல் 1 முதல் எல் 5 வரை எண்ணிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள எலும்பின் முதல் பகுதி எஸ் 1. ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் நாம் 'ஜவ்வு' என்று சொல்லும் வட்டு, அதாவது டிஸ்க், மெத்தை போல் அமைந்திருக்கிறது. தண்டுவடம் முதல் இரண்டு இடுப்பெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் கற்றையாகத் தொங்குகின்றன. பார்ப்பதற்குக் குதிரையின் வால் போல் இருப்பதால் அந்தக் கற்றைக்குக் 'குதிரைவால்' என்றே மருத்துவத்தில் பெயர். இதிலிருந்து பிரியும் வேர்கள் சில ஒன்றுசேர்ந்து, உடம்பிலேயே மிகத் தடித்த நரம்பாகித் தொடையின் பின்புறமாக இறங்குகின்றன. அதுவே சயாட்டிக் நரம்பு. வட்டு பிதுங்கி ஒரு வேரை அழுத்தினால் வலி அந்தத் தடம் முழுவதும் ஓடும். அதைத்தான் சயாட்டிகா என்கிறோம்.

வட்டுப் பிதுக்கத்துக்கும் இந்தக் கால் வலிக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளச் செய்தவர்கள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை நிபுணர்கள். அவர்களுடைய கட்டுரை வெளியானது 1934-ல். ஆனால் நரம்பைச் சோதிக்கும் வழி அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது.

படுக்கவைத்துக் காலைத் தூக்கும் சோதனை

நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் ஒரு காலை டாக்டர் மெதுவாக மேலே தூக்குகிறார். இதற்கு 'லசேக் சோதனை' என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் லசேக்கின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அவர் 1864-ல் சயாட்டிகா பற்றி எழுதிய கட்டுரையில் இந்தச் சோதனை இல்லை. அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் 1881-ல் தம் ஆய்வேட்டில் இதை விவரித்து, பெருமையை ஆசிரியருக்குக் கொடுத்தார். அதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1880-ல், செர்பியாவின் லாசரேவிச் என்ற மருத்துவர் இதையே எழுதியிருந்தார். அவர் தம் நாட்டில் பெயர் பெற்ற சிறுகதை ஆசிரியரும்கூட. காலைத் தூக்கும்போது தசை நரம்பை அழுத்துவதால் வலிக்கிறது என்று ஃபோர்ஸ்ட் கருதினார். நரம்பே இழுபடுவதால் வலிக்கிறது என்றார் லாசரேவிச். லாசரேவிச் சொன்னதுதான் சரி.

விஷயம் எளிது. தளர்வாகக் கிடக்கும் கயிற்றை இழுத்தால் முதலில் தொய்வு நீங்கும். பிறகுதான் முனையில் இழுப்புத் தெரியும். காலைத் தூக்கும்போது முதல் 30 பாகை வரை நரம்பின் தொய்வுதான் நீங்குகிறது. ஏறத்தாழ 30 முதல் 70 பாகைக்குள் நரம்பு வேர் சில மில்லிமீட்டர் நகர்கிறது. அது பிதுங்கிய வட்டின் மேல் உராய்ந்தால், 'இதேதான் டாக்டர், இந்த வலிதான்' என்று நோயாளி சொல்லிவிடுவார். 70 பாகைக்கு மேல் தொடையின் பின்புறம் இழுப்பது பலருக்கும் இயல்பு. அதை நரம்பு வலி என்று கொள்ளக் கூடாது. இடுப்பில் மட்டும் வலித்தாலும் கணக்கில் வராது. வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா என்பதே கேள்வி.

சந்தேகம் தீர டாக்டர் இன்னொன்றும் செய்வார். வலி தொடங்கியதும் காலைச் சற்றே தாழ்த்தி, பாதத்தை மட்டும் முகத்தை நோக்கி வளைப்பார். மறுபடி வலி பாய்ந்தால் நரம்பின் மீது சந்தேகம் வலுக்கும். முழங்காலை மடக்கிவிட்டுத் தொடையைத் தூக்கினால் நரம்பு தளர்வதால் வலி குறையும்.

வீட்டில் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஆர்வக்கோளாறில் காலைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினால் வலிதான் மிஞ்சும்.

மறு காலைத் தூக்கினால்?

வலிக்காத காலைத் தூக்கும்போது வலிக்கும் காலில் வலி வந்தால், அது முக்கியமான தடயம். பலருக்கு இது வராது. வந்தால் வட்டுப் பிதுக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

2010-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று, பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குச் சென்ற நோயாளிகளை வைத்து இவ்விரு சோதனைகளையும் எடைபோட்டது. வட்டுப் பிதுக்கம் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 92 பேருக்கு முதல் சோதனையில் வலி வந்தது. ஆனால் பிதுக்கம் இல்லாத 100 பேரில் 28 பேருக்கு மட்டுமே வலி வரவில்லை. மறு காலைத் தூக்கும் சோதனையில் கணக்குத் தலைகீழ். பிதுக்கம் உள்ள 100 பேரில் 28 பேருக்குத்தான் வலி வந்தது. இல்லாத 100 பேரில் 90 பேருக்கு வரவில்லை. அதாவது முதல் சோதனை வலையை அகல விரிக்கிறது, இரண்டாவது அதில் வடிகட்டுகிறது. எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்பு வழங்காது. பல சாட்சிகள் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

உட்கார்ந்த நிலையிலும் ஒரு சோதனை உண்டு. ஆஸ்திரேலிய பிசியோதெரபி நிபுணர் மைட்லண்டால் பரவலானது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முதுகைக் கூனி, தலையைக் கவிழ்த்து, காலை நீட்டிப் பாதத்தை உயர்த்தச் சொல்வார்கள். வலி வந்ததும் தலையை மட்டும் நிமிர்த்தச் சொல்வார்கள். தலையை நிமிர்த்தினால் காலில் வலி குறைகிறதென்றால், இழுபட்டது தசையல்ல, நரம்பு என்று கொள்ளலாம். தலைக்கும் காலுக்கும் இடையே ஓடும் ஒரே தொடர் இதுதானே!

வலி தொடையின் முன்புறமாக இறங்கினால் குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்குவார்கள். எல் 2 முதல் எல் 4 வரையுள்ள மேல் வேர்களைப் பற்றி அது சொல்லும்.

குதிகாலில் நடந்து காட்டுங்கள்

'கொஞ்சம் நடந்து காட்டுங்கள்' என்று டாக்டர் சொன்னால் சிலர் வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கியபடி நடக்க எல் 4, எல் 5 வேர்கள் நன்றாக இருக்க வேண்டும். முன்விரல்களில் எழும்பி நடக்க எஸ் 1 வேண்டும். ஒற்றைக் காலில் நின்று பத்து முறை எழும்பி இறங்கச் சொல்வதும் உண்டு. முதல் இரண்டு தடவையில் தெரியாத பலவீனம் ஏழாவது எட்டாவது தடவையில் வெளிப்பட்டுவிடும்.

பிறகு கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, டாக்டர் தம் விரலால் கீழே அழுத்துவார். அந்தச் சிறு விரல் எல் 5 வேரின் பிரதிநிதி. வலப்பக்கத்து விரல் எதிர்த்து நின்று இடப்பக்கத்து விரல் மடங்கிப் போனால் கவனிக்க வேண்டிய செய்தி. பெரும்பாலான பிதுக்கங்கள் எல் 4க்கும் எல் 5க்கும் இடையிலோ, எல் 5க்கும் எஸ் 1க்கும் இடையிலோதான் ஏற்படுகின்றன. முதலாவது வழக்கமாக எல் 5 வேரையும், இரண்டாவது எஸ் 1 வேரையும் அழுத்தும்.

பஞ்சு, ஊசி, சுத்தியல்

கண்களை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசி முனையாலும் காலைத் தொட்டுக்கொண்டே போவார் டாக்டர். தோலில் ஒவ்வொரு வேருக்கும் ஒரு ஜில்லா உண்டு. முழங்காலுக்குக் கீழே உட்புறம் எல் 4. புறங்காலும் பெருவிரல் பக்கமும் எல் 5. பாதத்தின் வெளி ஓரமும் சுண்டுவிரலும் எஸ் 1. எல்லைக்கோடுகள் ஆளுக்கு ஆள் சற்று மாறினாலும் தலைநகரங்கள் மாறுவதில்லை.

அடுத்தது சுத்தியல். ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும்போது சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போன ஊழியரைப் பழைய பயணிகள் பார்த்திருப்பார்கள். நல்ல சக்கரம் மணி போல் ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். நானும் ரயில்வேயில் இருந்தவன். டாக்டர் முழங்காலைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். தட்டுவதும் பதிலைக் கவனிப்பதுமே இரண்டிலும் வேலை. முழங்கால் துள்ளல் முக்கியமாக எல் 4 வேரையும், குதிகாலுக்கு மேல் தட்டினால் பாதம் துள்ளுவது எஸ் 1 வேரையும் காட்டும். முழங்கால் துள்ளலை எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 1875-ல் தனித்தனியே வெளியிட்டனர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வயதானவர்களுக்கும், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இரண்டு கணுக்காலிலும் துள்ளல் இல்லாமல் போவது உண்டு. அதற்கு முதுகு காரணம் அல்ல. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால்தான் வேரின் மேல் சந்தேகம். ஆகவே சர்க்கரை இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெரியவர்களுக்கு இன்னொன்று. மார்க்கெட்டுக்கு நடந்தால் இரு கால்களும் கடுத்து மரத்துப்போகும்; உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிவிடும். இது முதுகெலும்புக் குழாய் குறுகியதால் இருக்கலாம். படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் இவர்களில் பலருக்கு ஒன்றும் தெரியாது. எனவே எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எப்படி நின்றால் சுகம் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஸ்கேன் எடுத்துவிடலாமே?

வலி வந்த மூன்றாம் நாளே எம்.ஆர்.ஐ. எடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் உறவினர் எல்லோருக்கும் அனுப்பிக் கவலைப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்தது. வலியே இல்லாத 20 வயதினரில் நூற்றுக்கு 30 பேருக்கு வட்டு புடைத்திருந்தது. 80 வயதினரில் அது நூற்றுக்கு 84. தலை நரைப்பது போல வட்டும் வயதுக்கேற்பத் தேய்கிறது, புடைக்கிறது.

ஸ்கேன் வீண் என்று சொல்ல வரவில்லை. பரிசோதனை 'இடது எஸ் 1' என்று சுட்டி, படத்திலும் அதே இடத்தில் பிதுக்கம் இருந்தால், அந்தப் படத்துக்கு மதிப்பு உண்டு. வலி இடது காலில் இருக்க, பிதுக்கம் வலப்பக்கம் இருந்தால் அதை வைத்து அறுவை சிகிச்சை பேச முடியாது. படத்துக்குப் பொருள் தருவது பரிசோதனைதான். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்பது நம் உரிமை.

நரம்பு வேர் அழுந்தியிருந்தாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி நன்றாகக் குறைகிறது. பிதுங்கிய பகுதி தானாகச் சுருங்குவதும் உண்டு. நாட்கணக்கில் படுத்தே கிடப்பதைக் காட்டிலும் முடிந்த அளவு நடமாடுவதே நல்லது என்பதுதான் இன்றைய மருத்துவ முடிவு. காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பை மிதிக்கச் சொல்வது, நெட்டி முறிப்பது போன்ற கைவைத்தியங்களை நரம்பு அறிகுறி இருக்கும்போது அறவே தவிர்க்க வேண்டும்.

தாமதம் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் 'காலையில் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

1. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, அல்லது தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ கழிவது.
2. சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் இடமெல்லாம், அதாவது மர்ம உறுப்பு, ஆசனவாய், தொடையின் உள்பக்கம் ஆகியவை மரத்துப்போவது.
3. இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ வேகமாக அதிகரிப்பது.
4. பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவது, நடக்கையில் விரல் நிலைப்படியில் இடறுவது.

முதல் மூன்றும் குதிரைவால் கற்றை முழுவதும் நசுங்குவதைக் குறிக்கலாம். அழுத்தத்தை உடனே நீக்காவிட்டால் இழந்தது திரும்பாமலே போகலாம். இங்கே நாட்கணக்குப் பார்க்க முடியாது, மணிக்கணக்குத்தான்.

நான்காவதில் ஒரு சூழ்ச்சி உண்டு. சில சமயம் வலி திடீரென்று குறையும், ஆனால் கால் பலமிழந்து மரத்திருக்கும். 'வலி விட்டுவிட்டது' என்று வீட்டார் மகிழ்வார்கள். அது குணம் அல்ல. நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

இவை தவிர மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் படுத்தாலும் தீராத வலி இருந்தால் முதுகெலும்பு காசநோயைச் சோதிக்க வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவர்களும், சிறிதாக விழுந்த பின் வலி கண்ட வயதான பெண்களும் தாமதிக்கக் கூடாது.

வேற்று மொழி டாக்டரிடம் சொல்வது எப்படி?

ஊரிலிருந்து வந்து பிள்ளை வீட்டில் தங்கியிருக்கும் தாய்மார்களுக்குத்தான் பெரிய சிரமம். 'இடுப்பு' என்று அவர் சொல்ல, மகன் 'கமர்' என்று மொழிபெயர்க்க, 'தர்த்' என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. குடைச்சல், கடுப்பு, எரிச்சல், சுண்டி இழுத்தல், மரத்தல் என்று அம்மா நுணுக்கமாகச் சொன்ன அத்தனையும் வழியில் தொலைந்துபோகிறது. அந்த நுணுக்கம்தான் டாக்டருக்கு வேண்டியது.

மரத்துப்போவதற்கு இந்தியில் 'சுன்ன்', மராட்டியில் 'பதிர்'. எறும்பு ஊர்வது போலிருப்பதற்கு இந்தியில் 'ஜுன்ஜுனி', மராட்டியில் 'முங்க்யா'. முங்க்யா என்றாலும் எறும்புதான்! எரிச்சலுக்கு இந்தியில் 'ஜலன்', மராட்டியில் 'ஜள்ஜள்'. பலவீனத்துக்கு 'கம்ஜோரி'. 'கரண்ட்' எந்த மொழியிலும் புரியும். எதுவும் வாயில் வராவிட்டால், வலி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஒரே விரலால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்த விரல் மரத்தது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

இன்னொன்று, சற்றுக் கூச்சமான விஷயம். சிறுநீர் பிரிகிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்று மகன் வாயிலாக ஓர் ஆண் டாக்டர் கேட்டால், எந்தத் தமிழ்த் தாயும் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார். மானத்துக்கு அஞ்சி மறைக்கும் அந்த ஒரு பதிலில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மருமகளோ மகளோ வீட்டிலேயே தனியாக, பக்குவமாகக் கேட்டுவிட வேண்டும். கேட்டதைத் தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டலாம். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதிலும் தவறில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தளர்வான உடை உடுத்திச் செல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், சர்க்கரை அளவு, வலி தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் காலைத் தூக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம், தொடுமுன்னே அலறவும் வேண்டாம். எங்கே, எப்போது, எதுவரை என்று உள்ளபடி சொல்லுங்கள். அவர் சோதிப்பது உங்கள் பொறுமையை அல்ல, உங்கள் நரம்பை.